இப்போதைக்கு

ஆட்டோவில் ஏறுகிற பத்துப் பேரில் நாலு பேராவது கேட்டுவிடுவார்கள். "என்னப்பா படிச்சிருக்க?" பி.இ. மெக்கானிக்கல் என்பேன். கண்ணாடியில் அவர்கள் முகம் பரிதாபமாக மாறும். அது முழுசாக மாறுவதற்குள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்: "இப்போதைக்குத்தான் சார்."

இந்த 'இப்போதைக்கு' மூன்றாவது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 ஜூன் 9 அன்று குரூப் 4 எழுதினேன். அறிவிப்பில் 6,244 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். கணக்குத் தெரிந்தவன் இதை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டான். எனக்குக் கணக்கும் தெரியும், நம்பிக்கொண்டும் இருக்கிறேன். அதுவரைக்கும் ஃபோனில் ஒரு ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, நாள் வாடகைக்கு எடுத்த ஆட்டோவைத் தஞ்சாவூருக்குள் ஓட்டுகிறேன்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். உட்கார்ந்தபோதுதான், வெட்கப்பட வேண்டியது வேறொன்று இருப்பது தெரிந்தது.

புது பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் ஆப் வண்டிக்காரர்கள் நிற்போம். ஒருமுறை கமிஷனை ஏற்றிவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை ஒருத்தரும் ஆப்பைத் திறப்பதில்லை என்று முடிவானது. நானும் தலையாட்டினேன். திங்கட்கிழமை காலையில் சும்மாதான் திறந்து பார்த்தேன். வண்டியே இல்லாததால் ரேட் ஏறிக் கிடந்தது. மதியத்துக்குள் ஏழு சவாரி. எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் ஒரே வரிதான்: நாம என்ன இங்கேயேவா இருக்கப்போறோம்?

மறுநாள் மரத்தடியில் யாரும் சண்டை போடவில்லை. இருபது வருஷமாக ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருத்தர் டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உனக்கு இப்போதைக்கு, தம்பி. எனக்கு இதுதான்."

வேறு வேலைக்கு ஆசைப்படுவது தப்பில்லை. அந்த அண்ணனே தன் பையன் ஆட்டோ ஓட்டக் கூடாது என்றுதான் நினைக்கிறார். ஆனால் போகப்போகிறேன் என்பதையே, இருக்கும்போது ஒன்றும் செய்யாமலிருக்கக் காரணமாக்கிக்கொண்டேன். காலி பண்ணப்போகிற வீட்டில் ஒழுகுகிற குழாயை யார் சரிபண்ணுவார்கள்? நான் போன பிறகும் அந்த வீட்டில் ஆள் இருப்பார்களே என்பதை நினைக்கவில்லை. என்னைப் போல 'இப்போதைக்கு' ஓட்டுகிறவர்கள் இருப்பது கம்பெனிக்குப் பெரிய வசதி. நாளைக்குப் போகிறவன் இன்றைக்கு எதையும் கேட்க மாட்டான்.

டெல்டாவுக்குக் காத்திருப்பு புதிதல்ல. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாளாகும்; கடைமடைக்குப் போக இன்னும் நாளாகும். அது வருவதற்குள் வாய்க்காலைத் தூர்வார வேண்டும். ஊர் சேர்ந்து செய்கிற இந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். இந்த ஒரு போகத்துக்கு மட்டும் குத்தகை எடுத்தவன் வயலுக்கும் அதே வாய்க்கால்தான். இதைப் பொற்காலமாகப் பேசிவிடவும் முடியாது. 1858இல் மெட்ராஸ் மாகாணத்தில் இந்த உழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டார்கள். எல்லாரும் மனசார வந்திருந்தால் சட்டம் எதற்கு? யார் மண்வெட்டி பிடித்தார்கள், யார் வரப்பில் நின்று ஏவினார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. எவனோ ஒருவன் அன்றைக்கும் 'நமக்கென்ன' என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பான். என் ஏழு சவாரியும் அந்தத் திண்ணைதான்.

லண்டனில் ஊபர் ஓட்டியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2016இல் தீர்ப்பாயத்தில் ஜெயித்தும் மேல்முறையீடுகள் முடிய 2021 பிப்ரவரி 19 ஆயிற்று. அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவர்கள் தொழிலாளர்கள்தான் என்று சொன்னது. சவாரி ஓடுகிற நேரம் மட்டுமல்ல, ஆப்பைத் திறந்து சவாரியை ஏற்கத் தயாராக நிற்கிற நேரமும் வேலை நேரம் என்றது. அந்தக் கணக்கில், மரத்தடியில் நான் டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்தைப் புரட்டுகிற நேரமும் வேலைதான். நம் நாட்டின் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ, கிக் தொழிலாளரை வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வைத்துத்தான் வரையறுக்கிறது. அங்கே வந்த தீர்ப்பு தானாக வரவில்லை. அத்தனை வருஷம் விடாமல் கேட்டார்கள்.

2023இல் தமிழ்நாடு அரசு கிக் தொழிலாளர்களுக்கென்று நலவாரியம் அறிவித்தது. மரத்தடியில் பல பேர் பதிந்துவிட்டார்கள். நான் பதியவில்லை. பதிந்தால், இதுதான் என் தொழில் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும் என்ற பயம். அடுத்த வாரம் அந்த அண்ணனோடு போகிறேன். நல்ல வேலை கிடைத்தால் கிளம்பிவிடுவேன்தான். அதுவரை ஆப்பை அணைக்கச் சொல்கிற நாளில் என் ஃபோனும் அணைந்திருக்கும்.

அந்த ஏழு சவாரிக் காசை யாரிடம், எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.