நேற்றைய அளவு

என் சித்தப்பா ஒரு மண் அணையில் லஸ்கராக இருந்தார். எந்த அணை, எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கரையின் அடியில் கசியும் நீர் ஒரு சின்ன வாய்க்காலில் சேரும். அதன் குறுக்கே ‘வி’ வடிவத்தில் வெட்டிய ஒரு தகடு. தகட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் வழிகிறது என்று பார்த்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கசிகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். தினமும் காலையில் அதைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவர் வேலை.

கல்லூரி விடுமுறையில் அவரோடு தங்கியிருந்தபோது ஒரு நாள் விடாத தூறல். சித்தப்பா ஷெட்டுக்குள் உட்கார்ந்தபடியே நோட்டை எடுத்து எழுதினார்.

“போய்ப் பாக்கலையா சித்தப்பா?”

“நேத்து என்னவோ அதான்டா இன்னைக்கும்.”

மறுநாள் நானும் கூடப் போனேன். அவர் எழுதிய அளவேதான் இருந்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன பதில் சொல்வதென்று ரொம்ப காலம் எனக்குத் தெரியவில்லை. எழுதியது உண்மை என்றால், பிறகு எது தப்பு?

வெகுநாள் கழித்துத்தான் டபிள்யூ. கே. கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877இல் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நம்பிக்கையின் அறம் பற்றியது. அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பலமுறை பழுது பார்த்தது. கிளம்புமுன் அவருக்கே சந்தேகம். ஆனால் இத்தனை பயணம், இத்தனை புயல் தாண்டி வந்த கப்பல்தானே, கடவுள் கைவிடமாட்டார் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறார். நடிப்பில்லை, மனதார நம்புகிறார். புலம்பெயரும் குடும்பங்களோடு கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. முதலாளி இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்கிறார்.

அந்தச் சாவுகளுக்கு அவர்தான் பொறுப்பு என்கிறார் கிளிஃபோர்ட். அதை யாரும் சொல்லிவிடலாம். அடுத்துச் சொல்வதுதான் என்னை உட்கார வைத்தது: கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் குற்றம் கொஞ்சமும் குறையாது. நம்பியது மெய்யா பொய்யா என்பதல்ல கேள்வி. கையிலிருந்த ஆதாரத்தை வைத்து அப்படி நம்ப அவருக்கு உரிமை இருந்ததா?

சித்தப்பாவின் கப்பல் போய்ச் சேர்ந்த கப்பல்.

அவரை அந்த முதலாளியோடு சேர்க்க எனக்கு மனசில்லை. அவருக்கு இன்சூரன்ஸ் பணம் எதுவும் வரவில்லை. “நான் எழுதுறத எவன் படிக்கிறான்?” என்று கேட்பார், அதுவும் நியாயம். ஆனால் அவருக்குத் தெரியாத விஷயமில்லை. “அளவு பெரிசில்லடா, தண்ணி கலங்கி வருதான்னு பாரு” என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். தெளிந்து வரும் கசிவோடு அணை காலம் தள்ளிவிடும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அதை ஷெட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாது.

இதை எழுத வந்தது அவருக்காக மட்டும் இல்லை. ராஜபாளையத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மேற்கே மலை. அதற்கு அந்தப் பக்கம், சிவகிரி மலைகளில் பிறந்து வடக்கே போகிறது பெரியாறு. அதன் குறுக்கே 1895இல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணை. அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்து தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் போகிறது. எங்கள் ஊர் வயலுக்கு இல்லை. இருந்தும் 2011 டிசம்பரில் இரண்டு மாநிலமும் கொதித்தபோது, “பென்னிகுக் கட்டினதுக்கு ஒண்ணும் ஆகாது” என்று டீக்கடையில் சத்தமாகப் பேசியவர்களில் நானும் ஒருவன். ஆய்வறிக்கை ஒன்றில் ஒரு பக்கம்கூட அப்போது படித்ததில்லை.

பிறகு படித்தேன். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய அணை. கசிவு நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போகும் என்பதுதான் அடிப்படைக் கவலை. 1979இல் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். மேலே கான்கிரீட் தொப்பி போட்டு, அணையைத் துளைத்துப் பாறை வரை கம்பி வடங்கள் இறக்கி இழுத்துக் கட்டி, பின்புறம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். 2010இல் அமைந்த நீதிபதி ஏ. எஸ். ஆனந்த் குழு, சோதனைகள் செய்து, அணை பாதுகாப்பானது என்றது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது.

ஆக நான் டீக்கடையில் சொன்னது சரிதான். சித்தப்பா எழுதிய அளவு சரியாக இருந்த மாதிரி.

எதிர்த்தரப்பும் இதே கடையில்தான் டீ குடித்தது. பழசு, அதனால் உடையும் என்றார்கள். 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்பி நகரத்தை அழித்த மச்சு-2 அணைக்கு வயது ஏழு. வெள்ளம் கரைக்கு மேல் ஏறிவிட்டது. 1977இல் நம் வேடசந்தூர் பக்கம் உடைந்த குடகனாறு அணையும் நூற்றாண்டு கண்டதல்ல. வயது ஒரு கேள்வி, பதில் இல்லை.

ஆனாலும் இரண்டு அறியாமையும் ஒரே எடை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு இருக்கிறது. அங்கே தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக இருப்பவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். நம் பெருமையின் கப்பலில் அவர்கள் டிக்கெட் வாங்கி ஏறவில்லை. தூக்கம் வராமல் படுத்திருப்பவன் அறிக்கை படிக்காமல் பயந்தால் அதை மன்னிக்கலாம். மலைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அறிக்கை படிக்காமல் தைரியம் சொன்னவன் நான்.

2021இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்தே ஆக வேண்டும் என்கிறது. நல்லது. நோட்டை யாராவது படிக்கவும் வேண்டும்.

போன மழைக்காலத்தில் அதே டீக்கடையில் பேச்சு வந்தது. “நூத்திமுப்பது வருசமா நிக்குது, இன்னும் நிக்கும்” என்றார் ஒருவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் வழக்கமாகப் பேசுகிறவன் என்பதால். “இப்ப கசிவு எவ்வளவுன்னு தெரியுமா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அது எதுக்கு நமக்கு?” என்றார்.