படியெடுக்கும் கை

படியெடுப்பது கற்றலா, கீழ்ப்படிதலா? எண்ணெய் வண்ணம் பழக வருபவரிடம் முதலில் சொல்லப்படுவது, “நல்ல ஓவியம் ஒன்றைப் பார்த்து அப்படியே வரை” என்பதுதான். பெண்களுக்கு இந்த அறிவுரை புதிதல்ல. அம்மாவின் கோலம், பாட்டியின் கைப்பக்குவம், அக்காவின் அடக்கம் என்று எதையாவது படியெடுத்தே வளர்கிறோம். படைப்பவன் ஆண், பேணுபவள் பெண் என்ற பிரிவினைக்குக் கலையுலகமும் விலக்கல்ல.

பாரிஸின் அரசு நுண்கலைக் கல்லூரி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. ஆனால் லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்து வரையத் தடையில்லை. பெர்த் மொரிசோ 1850களின் இறுதியில் அங்கேதான் பழகினார். இங்கே ரவி வர்மாவின் தங்கை மங்களா பாயும் எண்ணெய் வண்ணத்தில் தேர்ந்தவர். அண்ணனின் பெயரைச் சேர்க்காமல் அவர் பெயரைச் சொல்ல நமக்கு இன்னும் பழகவில்லை.

மொரிசோவின் மகள் ஜூலி. 1887இல், எட்டு வயதுச் சிறுமியான அவளைப் பூனையோடு வரைந்தவர் ரெனுவார். வரையச் சொன்னவர்கள் பெற்றோர். மடியில் பூனை கண்மூடிச் சொகுசாகக் கிடக்கிறது. 1893இல் மொரிசோ தாமே மகளை வரைந்தார். இப்போது பக்கத்தில் லயேர்த் என்ற நாய். தந்தை இறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஜூலி கறுப்பு உடையில் இருக்கிறாள்.

இவ்விரண்டையும் அச்சுப் பிரதிகளிலிருந்து ராமநாதபுரத்தில் படியெடுத்துப் பழகினேன். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. அடிப்படலத்தில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மேல்படலம் முந்திக் காய்ந்து பின்னர் வெடிக்கும். ஒரு படலத்துக்கும் அடுத்ததற்கும் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நாள்களில் கையில் வேலையில்லை, பார்ப்பதுதான் வேலை.

ரெனுவாரைப் படியெடுத்தால் கன்னத்தின் வழவழப்பு கைக்கு வந்துவிடும். அதோடு அவர் குழந்தையைப் பார்க்கும் விதமும் சேர்ந்து வந்துவிடுகிறது. பாம்பன் பக்கம் ஆட்டுக்குட்டியை அணைத்து நிற்கும் மீனவச் சிறுமியைத் தீட்டப் போனால், கை அவளுக்கும் ஜூலியின் கன்னத்தையே தரப் பார்க்கிறது. குட்டியைப் பூனையாக்கப் பார்க்கிறது. அந்தக் குட்டியோ ஒருநாள் விற்கப்பட்டு வலைக்கடனுக்கோ பள்ளிச் செலவுக்கோ போகும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் அணைத்திருக்கிறாள். அவளை இனிப்பாக்கிக் காட்டுவது பொய். பரிதாபப் பொருளாக்கிக் காட்டுவது அதைவிடப் பெரிய பொய்.

நம் பழைய நூல்களும் படியெடுத்த கைகளால்தான் பிழைத்தன. ஓலை செல்லரிக்கும் முன் ஒருவர் பார்த்து எழுதாமலிருந்தால் சங்கப் பாடல்கள் நமக்கில்லை. அந்தக் கைகள் எழுதியவை எல்லாம் ஒன்றுபோல் இல்லை. அந்த வேறுபாடுகளைப் பாடபேதம் என்கிறோம். பதிப்பாசிரியர் அவற்றைத் தூக்கி எறிவதில்லை. பக்கத்தின் அடியில் குறித்துவைக்கிறார்.

ஆகவே படியெடுப்பதில் இழிவில்லை. எந்தப் பார்வையைப் படியெடுக்கிறோம் என்று கேட்காமலிருப்பதுதான் கீழ்ப்படிதல். பிறர் ஓவியங்களைப் பார்த்தே பழகிய மொரிசோ, தம் மகளின் துக்கத்துக்கு இனிப்புப் பூசவில்லை. கற்ற கை எந்த இடத்தில் ஒத்துப்போக மறுக்கிறதோ, அங்கே ஒரு பெண்ணின் பாடபேதம் தொடங்குகிறது. அதைப் பிழை என்று அழித்துவிடாதீர்கள்.