கூடங்குளத்துக்கு ரயில் உண்டா?

கூடங்குளத்தில் அணுஉலை உண்டு, ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. 2020 மே மாதம், ஊரடங்கின்போது, ஊருக்குப் போக ரயில் கேட்டு இங்கே வடமாநிலத் தொழிலாளர்கள் போராடியது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

அப்படி வேலைக்கு வரும் ஒருவர் இன்று செல்போனில் ஏ.ஐ. ஏஜென்ட்டிடம் வழி கேட்கிறார் என்று வையுங்கள். அதனுடன் ரயில் தேடும் கருவி ஒன்றைக் கோர்த்திருப்பார்கள். (2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி எம்.சி.பி.யை வெளியிட்டபின் இது சுலபம்.) கூடவே, கருவி என்ன செய்யும் என்று நாலு வரிக் குறிப்பு. ஏஜென்ட் அதை நம்பித்தான் இயங்கும்.

'ஊர்ப் பெயர் கொடுத்தால் ரயில் சொல்லும்' என்று மட்டும் எழுதியிருந்தால் வம்பு. பெயர் கிடைக்காமல் 'ரயிலே இல்லை' என்று கைவிரிக்கலாம். 'குளம்' பொருந்துகிறதே என்று எர்ணாகுளத்துக்கும் அனுப்பலாம். கன்னியாகுமரி ஸ்டேஷனின் சங்கேதம் இன்னமும் 'கேப்' (வெள்ளைக்காரனின் கேப் காமரின்!).

திருநெல்வேலி ஜங்ஷனில் கேட்டால், "வள்ளியூர்ல எறங்கி பஸ்ஸப் புடிங்க அண்ணாச்சி" என்பார்கள். கேட்டதற்கு மேல் ஒரு படி பதில்.

ஏஜென்ட்டுக்கு மனசாட்சி உண்டா என்று பண்டிதர்கள் விவாதிக்கட்டும். என் கண்ணுக்குப் படுவது குறிப்பு எழுதின ஆசாமிதான். 'ஸ்டேஷன்களை மட்டும்தான் தேடும். பஸ் தெரியாது. கிடைக்காவிட்டால் பக்கத்து ஸ்டேஷனைப் பார்.' எழுத ஐந்து நிமிஷம் ஆகுமா? கருவிக்குக் கௌரவக் குறைச்சல் என்று அவர் இதைத் தெரிந்தே விட்டால், நான் அதைப் பொய்க் கணக்கில்தான் சேர்ப்பேன். எர்ணாகுளத்தில் பெட்டியோடு இறங்கி நிற்பவருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது.