பெயர் பழையது, வண்டி?

ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் கின்லோக்லெவன் என்ற சிற்றூரில், 1965க்கு முற்பட்ட பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே ஆண்டுதோறும் ஒரு ட்ரயல்ஸ் போட்டி நடக்கிறது. ட்ரயல்ஸில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறையும் ஓடையும் மரவேரும் நிறைந்த குறுகிய பாதையைத் தரையில் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி, இருமுறை ஊன்றினால் 2, அதற்கு மேல் 3, கடக்கவே முடியாமல் போனால் 5. குறைவாகப் புள்ளி வாங்கியவரே வெற்றியாளர். இந்தப் போட்டிக்கு வரும் ட்ரயம்ப் டைகர் கப்பையோ பி.எஸ்.ஏ. பேன்டமையோ எட்டி நின்று பார்த்தால், பெட்ரோல் டேங்கின் வளைவும் எஞ்சினின் உருவமும் 1960ஐச் சொல்லும். கிட்டப் போய்ப் பார்த்தால் பல வண்டிகளில் வேறு கதை தெரியவரும். பிரேம் அண்மையில் இலேசான குழாய்களைக் கொண்டு புதிதாகச் செய்தது. ஃபோர்க்கின் வெளிக்கூடு பழைய பாணி, உள்ளிருப்பது இன்றைய உறுப்பு. பாயின்ட் இருந்த இடத்தில் மின்னணு இக்னிஷன். போட்டியை நடத்துவோர் விதி வகுத்து, வண்டிகளைப் பரிசோதித்தே அனுப்புகிறார்கள். ஆனாலும் எது செல்லும், எது செல்லாது என்ற வழக்கு ஓய்ந்தபாடில்லை. விளையாட்டுக்காரர்களின் சச்சரவு என்று இதைத் தள்ளிவிட மனம் வரவில்லை. உறுப்புகள் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை எதுவரை அதே பொருள் என்று அழைக்கலாம் என்ற பழைய தத்துவக் கேள்வி, இங்கே கிரீஸ் கறையோடு மெக்கானிக்கின் மேசைமேல் கிடக்கிறது.

ட்ரயல்ஸ் வண்டியைப் போல அடிபடும் வண்டிகள் குறைவு. ஓடையில் இறங்கினால் சக்கர பேரிங்குக்குள் தண்ணீர் போகும். சேறு செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் அரைக்கும். நடை வேகத்தில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டுவதால் பிளேட்டுகள் சூடேறித் தேயும். பிடிமானத்துக்காகப் பின் டயரில் 4, 5 பி.எஸ்.ஐ. காற்றுதான் வைப்பார்கள், ஆகவே பாறையின் அடி ரிம்வரை இறங்கும். எதையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டுமானால் ஓட்டாமல்தான் வைத்திருக்க வேண்டும். தேய்ந்த வெண்கல புஷ்ஷைக் கழற்றி, அதே அளவில் இன்னொரு வெண்கல புஷ்ஷைப் போடுவது பழுதுபார்ப்பு என்று எவரும் ஒப்புவார்கள். அந்த இடத்தில் நீடில் பேரிங் போட்டால்? கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது, எப்படியும் புதிது வாங்கத்தான் வேண்டும், நல்லதாகவே வாங்கிவிடலாமே என்றால்? ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயமான காரணம் உண்டு, ஒவ்வொன்றும் சிறியது. புதிய வண்டி செய்யப்போகிறேன் என்று உரிமையாளர் ஒருநாளும் முடிவெடுத்திருக்க மாட்டார். ஆனாலும் சில ஆண்டுகளில் அவரிடம் இருப்பது வேறு வண்டி.

கிரேக்கர்களுக்கு இந்தச் சிக்கல் கப்பல் வடிவில் வந்தது. புராண வீரன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பலகை பலகையாகப் புதுப்பித்துப் பாதுகாத்ததையும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்ததையும் புளூட்டார்க் பதிவு செய்திருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் இன்னொரு முடிச்சைப் போட்டார்: கழித்த பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்துவைத்து அதே வரிசையில் பொருத்திவிட்டால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? பழைய வண்டி உலகத்தில் இது கற்பனையே அல்ல. கனமென்று கழித்துப் போட்ட பிரேமும் சக்கர ஹப்பும் இன்னொருவர் கைக்குப் போய், அங்கே ஒரு வண்டியாக எழுந்து நிற்கக்கூடும். பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை இந்தச் சிக்கலை நெடுங்காலம் தன் வழியில் தீர்த்துவந்தது. பெரிதும் மாற்றப்பட்ட வண்டி பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள 8 புள்ளிகள் வேண்டியிருந்தன. மாற்றம் செய்யாத பிரேமுக்கு 5 புள்ளி, எஞ்சினுக்கு 1. வண்டியின் உயிரே எஞ்சின்தான் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். பொருளின் சாரம் எது என்று அரசு ஆராய்ந்து கண்டுபிடித்த உண்மையல்ல இது. பதிவெண் என்ற ஏற்பாடு குலையாமல் இருக்க எங்காவது கோடு போட வேண்டும், போட்டார்கள். இன்னொரு நாடு வேறிடத்தில் போடலாம்.

அப்படியானால் வண்டிக்குச் சாரம் என்று ஒன்று உண்டா? பௌத்தம் இல்லை என்கிறது. மிலிந்த பஞ்ஹா என்ற பாலி நூலில் நாகசேனர் என்ற துறவி, கிரேக்க வழிவந்த அரசன் மினாண்டரிடம் ரதத்தைப் பற்றிக் கேட்கிறார். ஏர்க்கால் ரதமா, அச்சு ரதமா, சக்கரம் ரதமா? எல்லாவற்றுக்கும் அரசன் இல்லை என்றே சொல்ல நேர்கிறது. இந்த உறுப்புகளைச் சார்ந்து எழுந்த வழக்குப் பெயரே ரதம், ஆளின் பெயரும் அப்படித்தான் என்ற இடத்தில் உரையாடல் வந்து நிற்கிறது. இதைப் படித்துவிட்டுப் பலர் விடுதலை பெற்றதுபோல் மூச்சு விடுகிறார்கள். சாரமே இல்லையென்றால் எதை மாற்றினால் என்ன, எப்படி அழைத்தால் என்ன? இந்த முடிவு அவசரமானது. அந்த உரையாடலில் எளிதாகக் கண்ணில் படாத ஓர் இடம் இருக்கிறது. ரதத்தில் வந்தேன் என்று அரசன் சொன்னதை நாகசேனர் பொய் என்று குற்றம் சாட்டுகிறார். அரசன் தன்னைக் காத்துக்கொள்ளும்போது, ஏர்க்கால், அச்சு, சக்கரம் முதலியவற்றைச் சார்ந்தே அந்தப் பெயரைச் சொன்னேன், ஆகவே பொய் சொல்லவில்லை என்கிறான். நாகசேனர் அதை ஏற்றுப் பாராட்டுகிறார். அதாவது, பொருளுக்குள் சாரம் இல்லை. ஆனால் பெயருக்கு ஆதாரம் உண்டு. ஆதாரம் இருக்கும்வரை பெயர் மெய், ஆதாரம் விலகினால் பொய். உள்ளே ஓர் ஆன்மா இருந்து இது டைகர் கப்தான் என்று காத்துக்கொண்டிருந்தால் மனிதர் கவலையின்றி இருக்கலாம். அப்படி ஒன்று இல்லை என்பதாலேயே முழுப் பொறுப்பும் பெயர் சொல்பவர் தலையில் விழுகிறது. பழுதுபார்ப்பதையும் மேம்படுத்துவதையும் பற்றிய அறக்கேள்வி என் பார்வையில் இதில்தான் அடங்கியிருக்கிறது: எதை மாற்றினாய் என்பதைவிட, மாற்றியபின் அதை என்னவென்று சொல்கிறாய் என்பதுதான் முக்கியம்.

ட்ரயல்ஸில் இதற்குக் கூடுதல் எடை உண்டு. இங்கே வெற்றி என்பது இன்ன வண்டியில் இன்ன பாறையைக் கால் ஊன்றாமல் கடந்தேன் என்ற ஒற்றைக் கூற்று. கனமான முன்பாகமும் குறைவான சஸ்பென்ஷனும் ஓட்டுநரின் உடலிடம் ஒரு குறிப்பிட்ட திறமையைக் கேட்கின்றன. உள்ளே மாறிய ஃபோர்க் அந்தக் கோரிக்கையைத் தளர்த்திவிடுகிறது. வெளிக்கூடு மட்டும் அது இன்னும் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. வெண்கல புஷ்ஷுக்கு வெண்கல புஷ் போட்டவர் வண்டி கேட்டதை அப்படியே நிலைநிறுத்துகிறார். ஃபோர்க்கை மாற்றி வெளிப்படையாகச் சொன்னவர் புதிய கோரிக்கையை முன்வைக்கிறார், அதிலும் குறையில்லை. மாற்றியதை மறைப்பவர் மட்டுமே ஏமாற்றுகிறார். அவரோடு போட்டியிடுபவரைவிட, தன் திறமையைத் தானே அளக்க முடியாமல் போகும் அவரே அதிகம் ஏமாறுகிறார்.

வலுவான மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. ட்ரயல்ஸ் வீரர் சேமி மில்லர் தன் 500 சிசி ஏரியல் வண்டியை, ஜி.ஓ.வி. 132 என்ற பதிவெண்ணாலேயே புகழ்பெற்ற அந்த வண்டியை, ஆண்டுக்கணக்காகச் செதுக்கி எடை குறைத்துக்கொண்டே இருந்தார். மாற்றுவதுதான் ட்ரயல்ஸின் மரபு. மரபை உறையவைப்பதே மரபுக்கு எதிரானது என்கிறார்கள். முதல் பாதியை முழுதாக ஒப்புகிறேன். ஆனால் மில்லர் ஓட்டிய காலத்தில் வண்டியின் வயதைப் பற்றி யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அது மில்லரின் கைபட்ட ஏரியல் என்பது ஊரறிந்த செய்தி. கனமான நான்கு ஸ்ட்ரோக் வண்டியின் எல்லை தெரிந்தபோது, 1964 இறுதியில் அவர் ஸ்பெயினின் புல்டாகோ நிறுவனத்தோடு சேர்ந்து இலேசான இரண்டு ஸ்ட்ரோக் வண்டியை உருவாக்கினார். அதற்கு ஷெர்பா டி என்று புதுப்பெயர் வைத்தார்கள். 1965இல் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரயலை அதில்தான் வென்றார். ஏரியலின் டேங்கை மாட்டிக்கொண்டு வரவில்லை. மேம்படுத்தலுக்கு மரபு வைத்த இலக்கணத்தை அதிலேயே காணலாம்.

பாதுகாப்பைச் சொல்லி வரும் மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. விரிசல் கண்ட பிரேமை மாற்றத்தான் வேண்டும். மனித உடலைவிட எந்தப் பழைய உலோகமும் பெரிதல்ல. மாற்றியதைச் சொல்வதால் பாதுகாப்பு குறையப்போவதில்லை. அசல் ஸ்பேர் கிடைக்காது, புதுப் பிரேமுக்கு இடம் தராவிட்டால் இளைஞர்கள் இந்தப் போட்டிகளுக்கே வர மாட்டார்கள் என்ற வாதம் இன்னும் கனமானது. ஆளில்லாத தூய்மையால் யாருக்கும் பயனில்லை. நகல் பிரேமில் ஓட்டட்டும். நகல் என்று எழுதிவைத்துவிட்டு ஓட்டட்டும். அதற்கென ஒரு பிரிவு வகுத்தால் அவமானம் யாருக்கும் இல்லை.

திருப்பணி காணும் நம் கோயில்களில் இதற்கு அழகான முன்மாதிரி இருக்கிறது. விமானத்திலும் கருவறையிலும் கைவைக்கும் முன் பாலாலயம் செய்து, இறைசக்தியை வேறொரு படத்திலோ மரத்திலோ எழுந்தருளச் செய்கிறார்கள். வேலை முடிந்து குடமுழுக்கு நடக்கும்வரை வழிபாடு அங்கேதான். கல்லும் சுதையும் மாறுகின்றன, கோயிலின் பெயர் மாறுவதில்லை. அதை யாரும் பொய் என்பதில்லை. மாற்றம் ஊரறிய, நாள் குறித்து, சடங்காகவே நடக்கிறது. அதே கோயில் என்று ஊர் துணிந்து சொல்வதற்கு அந்த வெளிப்படைத்தன்மையும் ஓர் ஆதாரம்.

பழைய ட்ரயல்ஸ் வண்டி வைத்திருப்பவர்களிடமும், நம் ஊரில் பழைய புல்லட்டையும் ஆர்.எக்ஸ். 100ஐயும் புதுப்பிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வண்டிக்கென ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். என்ன உறுப்பு, எந்த நாளில், எதற்குப் பதிலாக எது என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். கழற்றிய அசல் உறுப்பை எறிந்துவிடாமல் சீட்டு ஒட்டிப் பெட்டியில் வையுங்கள். விற்கும்போது பதிவுப் புத்தகத்தோடு அந்த நோட்டையும் பெட்டியையும் வாங்குபவர் கையில் கொடுங்கள்.