தண்டனையின் உச்சவரம்பு

இக்குற்றத்திற்கு இத்தனை ஆண்டுகளுக்கு மேல் சிறை இல்லை என்று சட்டம் வகுக்கும் எல்லையே உச்சவரம்பு. எந்த இழப்பை நாடு எவ்வளவு பெரிதாக எண்ணுகிறது என்பதை அதிலே காணலாம்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், திருடும் நோக்குடன் இரவில் வீடு புகுந்தவனுக்கு 14 ஆண்டு வரை சிறை விதித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டமோ, மனிதனைக் கோயிலினின்றும் பொதுக் கிணற்றினின்றும் தடுத்தவனுக்கு ஆறு மாதமே உச்சம் என்றது. ஐந்நூறு ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடும் விட்டுவிடலாம்! பொருளை இழந்தவன் துயரம் சட்டமியற்றியோர்க்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் மறுக்கப்பட்டவன் துயரம் தெரியவில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே பல இழிசெயல்களுக்கு அந்த ஆறு மாதத்தைக் கீழ்வரம்பாக்கி, மேல்வரம்பை ஐந்தாண்டாக உயர்த்திற்று. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் வீடு புகும் திருடனுக்குரிய 14 ஆண்டு அப்படியே நிற்கிறது.

ஆதலின், நம்மவர்க்குக் கொடுமை இழைத்தோரை ஆயுள் முழுதும் அடைத்து வைக்க வேண்டுமென்று நம்முள் சிலர் கேட்கின்றனர். அச்சினம் நியாயமானதே. எனினும் ஆயுள் தண்டனை என்பது எஞ்சிய வாழ்நாள் முழுவதும் என உச்ச நீதிமன்றம் 1961இல் தெளிவாக்கியது. கொடிய கொலை வழக்குகளில் தண்டனைக் குறைப்பே கூடாதென்று உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் விதிக்கலாம் என 2015இல் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. குடியரசுத் தலைவர், ஆளுநர் ஆகியோரின் மன்னிப்பு ஒன்றே அவர்க்கு எஞ்சிய வாயில். முப்பதாண்டுக்குப்பின் ஒருவன் எத்தகையவனாய் இருப்பான் என்பதைத் தீர்ப்பு நாளிலேயே முடிவுசெய்வது, அநித்தியத்தை உணர்ந்த பௌத்தர்க்கு உடன்பாடாகுமா?

அங்குலிமாலன் துறவியானபின் பசேநதி மன்னன் அவனைத் தண்டிக்கவில்லை. ஆயினும் பிச்சைக்குச் சென்றவன்மீது கல்லும் தடியும் விழுந்தன. பகவன் அவனைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னாரேயன்றி, எறிந்தோரைப் பழிக்கவில்லை. மாறியவனுக்கு வழியும் உண்டு, இழந்தோர்க்கு மறவாதிருக்கும் உரிமையும் உண்டு என்றே நாம் இதனைக் கொள்கிறோம். அசோகரும் தம் ஆட்சியின் 26ஆம் ஆண்டு வரை 25 முறை கைதிகளை விடுவித்ததாகத் தூணில் பொறித்தார்.

ஆகவே, சிறையின் நீளத்தைக் கூட்டுமாறு நாம் கேட்கவில்லை. பொருளுக்கும் மானத்திற்கும் ஒரே அளவுகோல் வேண்டும். திருடனின் 14 குறைந்தாலும் சரியே. எத்தகைய ஆயுள் கைதியாயினும் 14 ஆண்டு கழிந்ததும் அவன் நிலை ஆராயப்பட வேண்டும். அவனால் இழந்த குடும்பத்தாரையும் அவ்வாராய்ச்சியில் அமர்த்திக் கேட்க வேண்டும்.