சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

புதுசாக ஒன்று வந்து சேர்ந்த பிறகு காரியம் கெட்டுப்போனால், பழியை யார் தலையில் வைப்பது? புது மருமகள் வந்தபின் வீட்டில் சண்டை. புது மேனேஜர் வந்தபின் விற்பனை படுத்துவிட்டது. புது எஞ்சின் மாட்டியபின் லாரி இழுக்கவில்லை. மூன்றுக்கும் நம்மிடம் ரெடிமேடாக ஒரே பதில்தான்... ‘வந்தது சரியில்லை!’ அந்தப் பதில் எடுபடாவிட்டால், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற இளைத்தவன் தலை இருக்கவே இருக்கிறது.

மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டைப் பற்றிப் பேசினால் எனக்கு வீட்டிலும் சோறு கிடைக்காது, ஆபீஸிலும் கிடைக்காது!

நாமக்கல் பக்கம் ஒருவர். இரண்டு பழைய லாரிகள் வைத்திருப்பவர். ஒரு வண்டியின் எஞ்சின் போய்விட, வேறொரு நல்ல எஞ்சினை வாங்கி மாட்டினார். ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரையும் முறைப்படி மாற்றியாயிற்று. முதல் லோடு ஏற்றி சேலத்தைத் தாண்டினால், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்குகிறது. ‘புல்லிங்’ இல்லை. கறுப்புப் புகை. மைலேஜும் இறங்கிவிட்டது.

எஞ்சின் விற்றவரைக் கேட்டால், “எஞ்சின்ல ஒரு குத்தமும் இல்லீங்க, டிரைவர் ஓட்டற விதம்” என்றார். மாட்டிய மெக்கானிக்கும் அதையே சொன்னார். ஓனர் கணக்குப் போட்டார். “எஞ்சின் நல்லா இருக்குது. அப்புறம் டீசல் எங்கீங்க போகுது?” ஒன்பது வருஷமாக அவரிடமே வண்டி ஓட்டிய டிரைவரின் பேட்டாவில் இரண்டு டிரிப்புக்குப் பிடித்தம் விழுந்தது. ‘திருடன்’ என்று யாரும் வாயால் சொல்லவில்லை. பிடித்த பணம் சொல்லிவிட்டது.

கடைசியில் ஒரு பழைய மெக்கானிக் வந்தார். எஞ்சினைத் தொடவேயில்லை. ஒரு பையனை கேபினில் ஏற்றி, “ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிடா” என்றார். கீழே நின்று டீசல் பம்ப்பின் லீவரைப் பார்த்தார். பெடல் தரையைத் தொட்டுவிட்டது. லீவரோ முக்கால் தூரத்திலேயே நின்றுவிட்டது! பழைய பம்ப்புக்கு அளவெடுத்த கேபிளை அப்படியே புதுசுக்குக் கோத்திருந்தார்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றினால், அதுவும் பழசு. தூசி அடைத்துக் கிடக்கிறது. காற்று போதாமல் டீசல் கரியாக வெளியே போயிருக்கிறது. முழு சக்தி கிடைக்காததால் டிரைவர் சின்ன கியரிலேயே உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். மைலேஜ் எங்கிருந்து வரும்?

அரை நாள் வேலை. புதுசாக வந்ததும் குற்றவாளி இல்லை, பக்கத்தில் நின்றவனும் குற்றவாளி இல்லை. யாரும் சந்தேகப்படாத பழைய சாமான்கள்தான் வேலையைக் காட்டியிருக்கின்றன.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இதைத் தொட்டுப் பேசிய ஒருவர் உண்டு. ‘மிலிந்தரின் கேள்விகள்’ என்ற பௌத்த நூலில், நாகசேனர் என்ற துறவி கிரேக்க வம்சத்து அரசனிடம் கேட்கிறார்: தேரில் வந்தாயே, அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? ராஜா ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’ என்கிறான். எல்லாம் சேர்ந்து நிற்கும்போது வழங்குகிற பெயர்தான் தேர். ‘புல்லிங்’ என்பதும் அப்படித்தான். அது எஞ்சினுக்குள் மட்டும் உட்கார்ந்திருக்கிற சரக்கு இல்லை.

நம் உடம்பும் இதையே சொல்கிறது. 1967 டிசம்பரில் கேப் டவுனில் டாக்டர் பர்னார்ட், மனிதருக்கு மனித இதயத்தை முதன்முதலாக மாற்றிப் பொருத்தினார். லூயி வாஷ்கான்ஸ்கி என்ற அந்த நோயாளி 18 நாட்களில் இறந்துபோனார். ஆனால் புது இதயம் ஒழுங்காகத்தான் துடித்துக்கொண்டிருந்தது. அதை உடம்பு ஒதுக்கிவிடாமலிருக்கக் கொடுத்த மருந்துகள் எதிர்ப்பு சக்தியைக் குறைத்துவிட, நிமோனியா கொண்டுபோய்விட்டது. ‘இதயம் சரியில்லை’ என்று மேம்போக்காகத் தீர்ப்பு எழுதியிருந்தால், ஒரு நல்ல இதயத்தின் மேல் வீண் பழி!

சரி சார், அப்படியானால் யாரையுமே சந்தேகப்படக் கூடாதா? டீசலை விற்கிற டிரைவர் உலகத்தில் இல்லையா? இருக்கிறார். சந்தேகப்படுங்கள். ஆனால், வரிசை முக்கியம். நல்ல மெக்கானிக் செலவில்லாத சோதனையிலிருந்து ஆரம்பிப்பார். கேபிள், ஃபில்டர், டீசல் லைனில் ஏர் லாக், கிளட்ச் வழுக்கல், பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா... இவ்வளவும் பார்த்த பிறகுதான் எஞ்சினைப் பிரிப்பார். மனிதர்கள் விஷயத்திலும் அதே வரிசைதான் நியாயம். முதலில் மனசு இல்லாத பொருட்களைச் சந்தேகப்படுங்கள். கேபிளுக்கு அவமானம் கிடையாது. ஃபில்டருக்கு வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் கிடையாது.

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். டிரையல் பேலன்ஸ் இடிக்கிறது, தப்பு எங்கே என்று தெரியவில்லை என்றால், அந்த வித்தியாசத்தை கேஷியர் பெயரில் எழுதிவிட மாட்டோம். ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’ என்று தனியாக ஒரு தலைப்பு போட்டு அதில் நிறுத்தி வைப்போம். தப்பு கிடைக்கிற வரை அது யார் தலையிலும் இல்லை. நாலு காசு வித்தியாசத்துக்குக் கணக்கு காட்டுகிற இந்த நிதானத்தை, கூட இருக்கிற மனிதருக்கு நாம் காட்டுவதில்லை. ‘இன்னும் தெரியவில்லை’ என்று சொல்ல நமக்கு என்னவோ கூச்சம். உடனே ஒரு பெயர் வேண்டும்!

அந்த ஓனர் நல்ல மனுஷர். பிடித்த பணத்தைப் பைசா பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுத்தார். டிரைவர் வாங்கிக்கொண்டார். அடுத்த மாதமே வேறு வண்டிக்குப் போய்விட்டார். “அதான் காசைக் குடுத்துட்டேனுங்களே?” என்று ஓனர் என்னிடம் ஆச்சரியப்பட்டார்.

லெட்ஜரில் தப்பான என்ட்ரியை ஒரு எதிர் என்ட்ரி போட்டு ரத்து செய்துவிடலாம். மனிதர்களிடம் அந்த வசதி இல்லை. அதனால்தான், முதல் என்ட்ரி போடுவதற்குமுன் பேனாவைக் கொஞ்சம் கீழே வைக்கச் சொல்கிறேன்.