அழைத்து வந்தவன் கடன்

ஒருவனைத் தொழிலொன்றிற்கு அழைத்து வந்தவன் அவனுக்கு எதுவரை கடன்பட்டவன்? புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இவ்வினா புதிதன்று. நம்முள் பலர் பிறர் கைப்பற்றி வந்தவர்கள். பின்னர் நாமும் சிலரைக் கைப்பற்றி அழைத்து வந்தோம். இன்று அவ்வினா, நெட்வொர்க் மார்க்கெட்டிங் எனும் பல அடுக்கு வணிகத்தின் வடிவில் நம் இல்லங்களுக்குள் மீண்டும் நுழைந்துள்ளது.

இவ்வணிகத்தில் பொருள் விற்பவர் தமக்குக் கீழே புதியவர்களைச் சேர்க்கிறார். அவர்களுடைய கொள்முதலிலும் விற்பனையிலும் அவருக்குப் பங்குண்டு. ஆகவே, புதியவர் சோர்வுறாமல் தாங்க வேண்டும் என்பது அங்கே முதற்பாடம். கேட்பதற்கு இனிய பாடமே. ஆயினும் அத்தாங்குதல் யாருடைய நலத்தின் பொருட்டு என ஆராய்தல் வேண்டும்.

ஒவ்வொருவரும் 6 பேரைச் சேர்ப்பதாகக் கொள்வோம். முதற்படியில் 6, இரண்டாம் படியில் 36 எனப் பெருகி, பத்தாம் படிக்கு மட்டும் 6,04,66,176 பேர் வேண்டும். இன்றைய ஆந்திர மாநில எல்லைக்குள் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாழ்ந்தவர்களோ 5 கோடிக்கும் சற்றுக் குறைவு. ஆள் சேர்ப்பதையே நம்பிய ஏணியில் கடைப்படியில் நிற்பவரே மிகப் பலர். அவர்கள் இறக்கிவைக்க அடுத்த படி இல்லை. அவர்களுடைய தோல்விக்குக் காரணம் சோம்பல் அன்று, எண்கணிதமே. அவர்களை நோக்கி இன்னும் முயல்க என்பது ஊக்கம் ஆகுமா?

இவ்வாபத்தை அறிந்தே பணச்சுழற்சித் திட்டங்களைத் தடுக்கும் சட்டம் 1978இல் இயற்றப்பெற்றது. ஆம்வே நிறுவனம் தொடுத்த வழக்கில், அதன் திட்டம் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருவதாக ஆந்திர உயர் நீதிமன்றம் 2007இல் கண்டது. நேரடி விற்பனைக்கு இடமளித்த 2021ஆம் ஆண்டு விதிகளும் ஆள் சேர்ப்பால் ஆதாயம் தேடும் பிரமிடுத் திட்டங்களைத் தடை செய்தன.

சட்டம் எல்லை வகுக்கும். உள்ளத்தை அளப்பது அறமே. அதற்கு அதே ஆந்திர மண்ணில், ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் இடைப்பட்ட ஏர்பேட்டை நோக்குவோம். கேரளத்தில் பிறந்த மலையாள சுவாமிகள் 1926இல் அங்கே வியாசாசிரமத்தை நிறுவி, சாதி வேற்றுமை பாராது கல்வி வழங்கினார். அத்தகைய இடத்திற்கு வரும் புதியவனும் தாங்கப்பெறுகிறான். ஆனால் மாணவன் தன் காலில் நின்று விலகிச் செல்லும் நாளே ஆசிரியனின் வெற்றி நாள்.

இதற்கு மறுதலையாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் கங்காணி முறையை எண்ணுவோம். கங்காணி அழைத்துச் சென்றது தன் ஊராரையும் உறவினரையுமே. அவர்களுக்கு அவன் வழித்துணை, மொழித்துணையும் அவனே. ஆயினும் வேலைக்கு வந்த தலையெண்ணிக்கைக்கு ஏற்ப அவன் தலைக்காசு பெற்றான். ஆள் விலகினால் வருவாய் குறைந்தது. கடனைத் தீர்த்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டம் செல்ல இயலாதபடி துண்டு எனும் சீட்டு அவனைக் கட்டியது. அது 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. அன்பும் ஆதாயமும் ஒரே கயிறாய் முறுக்கப்பட்டால், அன்பு செய்தவனுக்கே எது எதுவெனத் தெரியாமற் போகும்.

மெய்யான பொருளை, அது வேண்டும் என்பார்க்கு நேர்மையாக விற்று ஈட்டுவதை நாம் பழிக்கவில்லை. இல்லத்திலிருந்தபடியே அவ்வாறு நான்கு காசு சேர்க்கும் பெண்மணிகளின் உழைப்பை மதிக்கிறோம். நம் வினா ஆதரவைப் பற்றியதே. போவதற்கு வழி திறந்துவைத்த ஆதரவே ஆதரவு, ஏனையது காவல்.

எனவே அழைத்து வருபவர் முதல் நாளிலேயே செலவையும் வரவையும் ஒளிக்காமல் கூறுதல் வேண்டும். தண்டமின்றி உடன்பாட்டை நீக்கிக்கொள்ளப் புதியவர்க்கு ஓர் அவகாசம் உண்டென 2021 விதிகள் கூறுகின்றன. அதனையும் அன்றே அறிவித்தல் வேண்டும். கடன் வாங்கிச் சரக்கெடுத்துத் தம் தரத்தை உயர்த்திக்கொள்ள அவரைத் தூண்டலாகாது. அவர் விலக விரும்பினால், விற்காத பெட்டிகளைத் திருப்பி அனுப்பத் துணை நிற்பதும், அடுத்த பொங்கலுக்கு அவரை முன்போலவே இல்லத்திற்கு அழைப்பதும் அழைத்து வந்தவரின் கடனேயாம்.